பந்தியில் பரிமாறிய மேகம்

விலங்குகளுக்குப் பேச்சு வாய்த்திருந்த காலம் ஒன்று உண்டு. பேச்சு இருந்ததால் அவற்றுக்குக் கல்யாணம் பேசும் வழக்கமும் இருந்தது. கல்யாணம் பேசுவது என்று வந்துவிட்டால் தரகர் வேண்டும். அந்தப் பக்கத்துத் தரகர்களில் பேர்போனவன் தாண்டவன் என்கிற கருமந்தி.

தாண்டவனுக்கு ஒரு பழக்கம். எந்த வீட்டைப் பற்றிச் சொன்னாலும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வான். ஒரு வாழை மரம் அவன் வாயில் தோப்பாகிவிடும். ஒரு குட்டை ஏரியாகிவிடும். அதைப் பொய் என்று அவன் ஒப்புக்கொள்ள மாட்டான். "கல்யாணப் பேச்சு வறட்டுச் சோறு மாதிரி. கொஞ்சம் நெய் விட்டாத்தான் உள்ளே இறங்கும்" என்பான்.

மலைமேல் மலையப்பன் என்றொரு யானை இருந்தார். அவருடைய மகள் பூவாத்தா. வீடு தேடி வந்த இரண்டு வரன்களை அவள் திருப்பி அனுப்பியிருந்தாள். ஒருவன் பேசும்போதெல்லாம் தும்பிக்கையைச் சுழற்றினானாம். இன்னொருவன் அவளைப் பார்க்காமல் அவர்கள் வீட்டுப் பலா மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தானாம். மூன்றாவதாக அவளே ஒரு பெயரைச் சொன்னாள். கோடையில் மலை யானைகள் தண்ணீருக்காகச் சமவெளிக் காட்டு ஆற்றுக்கு இறங்கிப் போகும். அங்கே சிங்காரம் என்ற இளம் யானையை அவள் பார்த்திருந்தாள்.

"அந்த வீட்டுக்கு ஆள் அனுப்புங்க, அப்பா. கட்டினா அவரைத்தான் கட்டுவேன்" என்றாள்.

மலையப்பன் தாண்டவனை அனுப்பினார்.

சிங்காரத்தின் அம்மா வடிவாம்பாள். சமவெளி யானைகள் அவர் பெயரைச் சொல்லும்போது 'அம்மாள்' என்றும் சேர்த்துத்தான் சொல்லும். அவர் தாண்டவனைப் புளிய மரத்தடியில் உட்கார வைத்துக் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டார். பெண் எப்படி, குடும்பம் எப்படி, தோப்பு எத்தனை. எல்லாவற்றுக்கும் தாண்டவன் நெய் விட்டுப் பதில் சொன்னான். கடைசியில் அம்மாள் கேட்டார்:

"சாப்பாடு என்ன போடுவாங்க?"

"கரும்பு, அம்மா. கட்டுக்கட்டா."

"கரும்பு எங்க ஊர்லயும் இருக்கு."

"பலாச்சுளை. தேன்ல ஊற வெச்சது."

"போன மாசம் எங்க சின்ன மாமன் வீட்டுல அதுதான் போட்டாங்க. உங்க மலைக்குன்னு என்னப்பா விசேஷம்? சொந்தக்காரங்க கேட்டா நான் ஒண்ணு சொல்லணுமில்ல?"

தாண்டவனிடம் இருந்த நெய் எல்லாம் அதற்குள் தீர்ந்துபோயிருந்தது. அவன் அண்ணாந்து பார்த்தான். தூரத்தில் மலை உச்சியில் வெள்ளை வெளேரென்று ஒரு மேகம் உட்கார்ந்திருந்தது.

"எங்க பந்தியில மேகம் பரிமாறுவாங்க, அம்மா" என்றான்.

"மேகமா?"

"இலைக்கு ஒரு கரண்டி."

அம்மாள் அந்த மலை உச்சியை ஒரு தடவை பார்த்தார். பிறகு வெற்றிலைத் தட்டை அவன் பக்கம் நகர்த்தினார். சம்பந்தம் முடிந்துவிட்டது.

தாண்டவன் மலைக்குத் திரும்பி எல்லாவற்றையும் சொன்னான், மேகத்தைத் தவிர. 'அவங்க மறந்துடுவாங்க' என்று அவன் நினைத்தான். யானையைப் பற்றி யாரும் அப்படி நினைக்கக் கூடாது.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் ஒரு மைனா செய்தி கொண்டுவந்தது. "வடிவாம்பாள் அம்மாள் சொல்லி அனுப்பினாங்க. மாப்பிள்ளை வீட்டுச் சொந்தம் அத்தனையும் கிளம்பி வருது. எல்லாரும் மேகம் சாப்பிடத்தான் வர்றாங்க. பந்தியில மேகம் இல்லேன்னா மாலை மாத்தாமத் திரும்பிடுவாங்களாம். ஊர் முழுக்கச் சொல்லியாச்சாம், மேகம் இல்லேன்னா அம்மாளால வெளியே தலை காட்ட முடியாதாம்."

"என்ன மேகம்?" என்றார் மலையப்பன்.

எல்லோரும் தாண்டவனைத் திரும்பிப் பார்த்தார்கள். தாண்டவன் தன் வாலில் ஏதோ ஒட்டியிருக்கிறதா என்று மிகவும் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பூவாத்தா அவன் காதைத் தும்பிக்கையால் பிடித்து இழுத்துக்கொண்டு காராயியிடம் போனாள். காராயி ஓர் எருமை. அந்த மலையில் எந்த விசேஷம் என்றாலும் சமையல் அவள்தான். நல்ல கைப்பக்குவம். ஆனால் எதைக் கேட்டாலும் அசைபோட்டு முடித்த பிறகுதான் பதில் சொல்வாள்.

"காராயி அக்கா, மேகம் செய்ய முடியுமா?"

காராயி அசைபோட்டாள்.

"செய்ய முடியலேன்னா அவங்க போயிடுவாங்க அக்கா. அப்புறம் நான் வேற யாரையும் கட்டிக்கப் போறதில்ல. இதை அப்பாகிட்டச் சொல்லல. உங்ககிட்டச் சொல்றேன்."

காராயி இன்னும் கொஞ்சம் அசைபோட்டாள். பிறகு தாண்டவனைப் பார்த்துக் கேட்டாள்:

"மேகம் எப்படி இருக்கும்னு அந்தம்மாகிட்டச் சொன்னே?"

"ஒண்ணும் சொல்லல."

"அது ஒண்ணுதான் நீ உருப்படியாச் செஞ்சது." காராயி ஒவ்வொரு வார்த்தையாக யோசித்துச் சொன்னாள். "வெள்ளையா இருக்கணும். மெத்துமெத்துன்னு இருக்கணும். வாயில வெச்சா இருந்த இடம் தெரியாமப் போகணும். வெள்ளைக்கு என்கிட்ட ஒண்ணுதான் இருக்கு. பாப்போம்."

முதலில் அவள் பாலை நுரைக்க வைத்துப் பார்த்தாள். நுரை பொங்கியது. தாண்டவன் கரண்டியை எடுத்து வருவதற்குள் அது அடங்கியும்விட்டது.

"பால்ல பிடிமானம் பத்தல. ஏட்டை எடுத்துப் பாக்கணும்" என்றாள் காராயி.

பாலைக் காய்ச்சினால் மேலே தோல் போல ஆடை படியுமே, அது இல்லை அவள் சொன்னது. கறந்த பாலைக் காய்ச்சாமல், ஆட்டாமல், குளிர்ச்சியான இடத்தில் ஓர் இரவு வைத்திருந்தால் அதன் கொழுப்பெல்லாம் மேலே வந்து கெட்டியாகத் திரண்டு மிதக்கும். அதுதான் ஏடு. காராயியின் அக்கா தங்கைகள் எல்லோரும் பால் கொடுத்தார்கள். மறுநாள் காலை ஏட்டை மட்டும் வழித்து ஓர் அண்டாவில் சேர்த்தார்கள்.

அதை அடிக்க என்ன செய்வது? எருமைக்கு மத்தைப் பிடிக்கக் கையில்லை; மந்தியின் கைக்கு அந்த வேகம் வராது. தாண்டவன் மூங்கிலை மெல்லிய குச்சிகளாகச் சீவி, ஒவ்வொன்றையும் வளைத்து, ஒரு பெரிய பூ மொட்டு போலக் கட்டினான். அதைக் காராயியின் வால் நுனியில் இறுக்கிக் கட்டினான். காராயி அண்டாவுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு வாலைச் சுழற்றினாள். ஈ ஓட்டிப் பழகிய வால். மிக வேகமாகச் சுழன்றது.

சமையல் கட்டில் அப்போது அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. காராயி சுழற்றினாள், சுழற்றினாள், சுழற்றிக்கொண்டே இருந்தாள். ஏடு அப்படியே இருந்தது. பாதி ஏடு அண்டாவில் இருந்தது. மீதிப் பாதி தாண்டவன் மேல் இருந்தது.

"கருமந்தி வெள்ளை மந்தி ஆனதுதான் மிச்சம்" என்றாள், எட்டிப் பார்த்த பூவாத்தா. ஆனால் அவள் சிரிக்கவில்லை.

காராயி வாலை நக்கிப் பார்த்தாள். வெதுவெதுப்பாக இருந்தது. கொஞ்சம் அசைபோட்டாள்.

"இந்தச் சூட்டுல கொழுப்பு இளகிப்போகுது. இளகினது எதைப் பிடிச்சு நிறுத்தும்? குளிர வெச்சுப் பாக்கலாம்."

மலையின் நிழற்பக்கத்தில் ஒரு சுனை இருந்தது. அதில் குளம்பை வைத்தால் சிறிது நேரத்தில் மரத்துப்போய்க் குளம்பு இருப்பதே தெரியாது. அன்று இரவு ஏடு இருந்த அண்டாவைச் சுனையில் இறக்கி வைத்தார்கள். மூங்கில் மத்தையும் அதில் நனைத்து வைத்தார்கள். காராயியும் விடியும் முன்பே சுனைக்குள் போய்ப் படுத்துக்கொண்டாள். வாலும் குளிர வேண்டும் அல்லவா?

காலையில் அண்டாவைச் சுனையை விட்டு எடுக்காமலே அடிக்கத் தொடங்கினார்கள். முதலில் தளர்வாக ஓடிய ஏடு கொஞ்ச நேரத்தில் கூழ் போல ஆனது. பிறகு மத்து போன தடம் ஏட்டின் மேல் கோடு கோடாக நின்றது, மறையவில்லை. அண்டாவில் கால்வாசி இருந்தது பாதிவரை உயர்ந்தது. காராயி வாலைத் தூக்கினாள். மத்து இருந்த இடத்தில் ஏடு ஒரு சிறு மலை போல எழுந்து நின்றது. அதன் நுனி மட்டும் லேசாக வளைந்திருந்தது, தூங்கப் போகும் யானைக்குட்டியின் தும்பிக்கை போல.

தாண்டவன் அதைப் பார்த்து வாயைப் பிளந்தான். "காராயி, இதுதான். இதேதான். காத்து எப்படி இதுக்குள்ள போச்சு?"

"குளிர்ந்த கொழுப்பு ஒண்ணோட ஒண்ணு கை கோத்துக்கிட்டு நிக்குது. நடுவுல காத்து மாட்டிக்கிச்சு" என்றாள் காராயி.

அவள் அத்தோடு நிறுத்தியிருப்பாள். ஆனால் பக்கத்தில் நின்றவன் தாண்டவன் ஆயிற்றே. எதையும் கொஞ்சம் கூட்டியே பழகியவன்.

"இன்னும் கொஞ்சம் அடி" என்றான். "இவ்வளவு வந்ததே, இன்னும் அடிச்சா அண்டா நிறைய வரும். அப்புறம் சொந்தக்காரங்களுக்கு ரெண்டாவது கரண்டியும் போடலாம்."

காராயி கண்ணை மூடி அசைபோட்டபடி வாலைச் சுழற்றினாள். தாண்டவன் "இன்னும், இன்னும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். பளபளப்பாக இருந்த ஏடு மங்கியது. பிறகு மணல் போலத் திரிந்தது. காராயி கண்ணைத் திறந்தபோது அண்டாவில் சின்னச் சின்னக் கட்டிகளும், அவற்றைச் சுற்றி நீர் மோரும் கிடந்தன.

"வெண்ணெய்" என்றாள் காராயி.

தாண்டவன் ஒரு கட்டியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இதை இடிமேகம்னு சொல்லிடலாமே."

"இடி எங்கே?"

"சம்பந்தியம்மா ஒரு வாய் சாப்பிட்டதும் வரும்."

பூவாத்தா இதையெல்லாம் சுனைக்கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "திரும்ப மேகமா மாத்த முடியாதா அக்கா?" என்றாள்.

"முடியாதும்மா. கொழுப்பு அளவுக்கு மேல இறுக்கிப் பிடிச்சுக்கிச்சு. பிடிச்ச பிடியில காத்து வெளியே போயிடுச்சு, தண்ணியும் வெளியே போயிடுச்சு. இனி இது இப்படித்தான்." காராயி தாண்டவன் பக்கம் திரும்பினாள். "நாளன்னிக்குக் காலையில நான் அடிக்கும்போது நீ இந்தச் சுனைப்பக்கம் வரலாம். ஆனா வாயை வீட்டுல வெச்சுட்டு வா."

கல்யாண நாள் வந்தது. சமவெளி யானைகள் வரிசை வரிசையாக மலை ஏறி வந்தன. எல்லோருக்கும் முன்னால் வடிவாம்பாள் அம்மாள். அவருக்குப் பின்னால் மாப்பிள்ளை சிங்காரம். நெற்றியில் சந்தனம், கழுத்தில் மாலை. மாப்பிள்ளையிடம் பெண் வீட்டார் நலம் கேட்டார்கள். அவன் தலையை மட்டும் ஆட்டினான். பேரைக் கேட்டார்கள். அதற்கும் தலையை ஆட்டினான்.

"ரொம்ப அடக்கம்" என்றார் மலையப்பன்.

"எங்க வீட்டுல எல்லாருமே அப்படித்தான்" என்றார் வடிவாம்பாள் அம்மாள். உடனே அடுத்ததைக் கேட்டார். "மேகம் எங்கே?"

"பந்தியில வரும், சம்பந்தி."

"பந்தியில வர்றது இருக்கட்டும். நான் முதல்ல பாக்கணும். வர்ற வழியில எங்க பெரியம்மா ஒரு மூடுபனிக்குள்ள பூந்து தும்பிக்கையால அள்ளிப் பார்த்தாங்க. கையில ஒண்ணும் வரல. அதுல இருந்து எனக்கு ஒரு சந்தேகம்."

அவர் நேராகச் சுனைக்கு நடந்தார். சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் பின்னால் போனார்கள்.

காராயி அப்போதுதான் வாலை நிறுத்தியிருந்தாள். கரும்புச் சர்க்கரையை இடித்துச் சலித்து, ஏடு பாதி திரண்டபோது சேர்த்திருந்தாள். ஏடு மேடு மேடாக எழுந்து, பளபளவென்று நின்றது. தாண்டவன் ஒரு வாழை நாரால் தன் வாயைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

அம்மாள் அண்டாவுக்குள் எட்டிப் பார்த்தார். தும்பிக்கை நுனியால் மோந்து பார்த்தார்.

"இது பால்" என்றார்.

"பாலேடு, அம்மா" என்றாள் காராயி. அவளுக்குப் பொய் சொல்லத் தெரியாது. சொன்னால் அசைபோட மறந்துவிடும்.

"தரகரே, நீர் மேகம்னுதானே சொன்னீர்?"

தாண்டவன் நாரை அவிழ்த்தான். "மேகமேதான் அம்மா. காத்துதானே மேகம்? அந்தக் காத்தைப் பிடிச்சு ஏட்டுக்குள்ள வெச்சிருக்கோம். ஓடிப்போகாம இருக்கத்தான் ஏடு."

சமவெளி யானைகளுக்குள் முணுமுணுப்பு எழுந்தது. சிலர் சரி என்றார்கள். சிலர் ஏமாற்று என்றார்கள். வடிவாம்பாள் அம்மாள் எல்லோரையும் பார்த்தார். அவர் ஊரெல்லாம் சொல்லி அழைத்து வந்த கூட்டம் அது. நாளைக்கு யாரும் 'அடித்த பாலை மேகம் என்று நம்பினாள்' என்று சொல்லிவிடக் கூடாது.

"எங்க ஊர்ல மேகம்னா அது தலைக்கு மேலே நிக்கும்" என்றார் நிதானமாக. "தாங்கிப் பிடிக்க யாரும் வேண்டியதில்ல. விழாது. விழுந்தா அதுக்குப் பேர் மழை. இது மேகம்னா இதுவும் தலைக்கு மேலே நிக்கட்டும். அண்டாவைக் கவுத்துப் பிடிங்க. நின்னா மாலை மாத்திக்கலாம். விழுந்தா வந்த வழியே போறோம்."

"யார் தலைக்கு மேலே?" என்றார் மலையப்பன்.

"வாக்குக் கொடுத்தவர் தலைக்கு மேலே."

தாண்டவன் மரத்தைப் பார்த்துத் தாவினான். ஆனால் சமவெளி யானை ஒன்று அவன் வாலை மிதித்துக்கொண்டிருந்தது.

மலையப்பன் காராயியிடம் குனிந்து மெல்லக் கேட்டார். "நிக்குமா?"

"தெரியாதுங்க. இதுவரைக்கும் யாரும் சோத்துப் பானையைக் கவுத்து ருசி பார்த்ததில்ல." காராயி வானத்தைப் பார்த்தாள். "நின்னாலும் ரொம்ப நேரம் நிக்காது. வெயில் ஏறிக்கிட்டு இருக்கு. சூடு பட்டா கை விட்டுடும்."

மலையப்பன் அண்டாவைத் தொட்டார். தூக்கவில்லை. யாருக்கும் தூக்கத் துணிவு வரவில்லை. அப்படியே ஒரு கல்யாணம் நின்றுபோகும் போல இருந்தது. அப்போது மாலையும் கழுத்துமாகப் பூவாத்தா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். சுனையில் தும்பிக்கையை நனைத்துக் குளிர வைத்துக்கொண்டாள். அண்டாவைச் சுற்றிப் பிடித்தாள். தூக்கினாள். தாண்டவன் தலைக்கு நேராகக் கொண்டுபோனாள்.

"கண்ணை மூடிக்குங்க, அண்ணா" என்றாள்.

கவிழ்த்தாள்.

அண்டாவின் வாய் கீழே பார்த்தது. அதற்குள் ஏடு மேடு பள்ளத்தோடு தலைகீழாக நின்றது. நுனிகள் தாண்டவனின் உச்சந்தலையை நோக்கி லேசாக வளைந்திருந்தன. ஒரு சொட்டும் விழவில்லை.

இதைத் தாண்டவன் பார்க்கவில்லை. அவன் கண்ணை இறுக்கி மூடியிருந்தான். ஓர் அண்டா ஏடு தன்மேல் இறங்கப் போகிறது, அதற்குப் பிறகு இத்தனை யானைகளும் தன்மேல் இறங்கப் போகின்றன என்று மட்டும்தான் அவனுக்குத் தோன்றியது. வாய் தானாகத் திறந்துகொண்டது.

"சொல்லிடறேன், சொல்லிடறேன். மலையப்பருக்கு வாழைத்தோப்பு நாலுன்னு சொன்னேன். ஒண்ணுதான். அதுலயும் பாதியை நான்தான் தின்னேன்."

மலையப்பன் திரும்பிப் பார்த்தார். "நீயா அது?"

"பொண்ணு நல்லாச் சமைப்பான்னு சொன்னேன். அடுப்பு எந்தப் பக்கம் இருக்குன்னே அவளுக்குத் தெரியாது."

"அது உண்மைதான்" என்றாள் பூவாத்தா, அண்டாவை அசைக்காமல்.

"ஆத்தங்கரை முழுக்க மாப்பிள்ளை வீட்டுக்குச் சொந்தம்னு இங்கே சொன்னேன். அதுல முதலையும் பங்கு கேட்டுக்கிட்டு இருக்கு."

இப்போது மலை யானைகள் காதை விரித்தன. வடிவாம்பாள் அம்மாள் தும்பிக்கையால் தன் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"அப்புறம், மாப்பிள்ளை பிளிறினா மலையே நடுங்கும்னு சொன்னேன். ஆனா அவர் பிளிறினா..."

"போதும்" என்றார் அம்மாள். "மேகம்தான். நான் பார்த்துட்டேன். எல்லாரும் பார்த்தாங்க. இறக்கிடும்மா."

"இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டுமே, அத்தை" என்றாள் பூவாத்தா. "விழலையே."

"விழாதும்மா. அது அப்பவே தெரிஞ்சுபோச்சு. உனக்கு எதுக்குக் கை வலி? இறக்கு."

அம்மாளுக்கு வேர்த்தது. மகன் குரல் எப்படிப்பட்டது என்று மாலை மாற்றுவதற்கு முன்பு யாருக்கும் தெரியக் கூடாது என்றுதான், மலை ஏறும் வழியெல்லாம் அவனிடம் "வாயைத் திறக்காதே" என்று சொல்லிக்கொண்டே வந்திருந்தார். அண்டாவின் ஓரத்தில் ஏடு மெல்லப் பளபளப்பு இழந்தது. காராயி அதைப் பார்த்தாள். வெயில் சுனைக்கரையைத் தொட்டுவிட்டது.

அப்போது சிங்காரம் முன்னால் வந்தான்.

"அம்மா, அவர் சொல்ல வேண்டாம். நானே காட்டிடறேன்" என்றான். தும்பிக்கையைத் தூக்கினான். மூச்சை இழுத்தான். பிளிறினான்.

பூவரச இலையைச் சுருட்டி ஊதினால் ஒரு சத்தம் வருமே, அந்தச் சத்தம்தான் வந்தது.

மலை நடுங்கவில்லை. ஓர் இலைகூட ஆடவில்லை. சிங்காரம் தும்பிக்கையை இறக்கித் தரையைப் பார்த்தபடி நின்றான். வடிவாம்பாள் அம்மாள் கண்ணை மூடிக்கொண்டார்.

"எனக்குத் தெரியும்" என்றாள் பூவாத்தா. "ஆத்தங்கரையில அத்தனை பேர் குளிச்சுக்கிட்டு இருந்தாங்க. இந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் நான் திரும்பிப் பார்த்தேன். அப்படித்தான் உங்களையே பார்த்தேன்."

சிங்காரம் நிமிர்ந்தான். அவனை அறியாமல் இன்னொரு முறை, இம்முறை சந்தோஷத்தில், "பீப்பீ" என்று சத்தம் வந்துவிட்டது. பூவாத்தாவுக்குச் சிரிப்பு வந்தது. யானை சிரித்தால் தும்பிக்கைதான் முதலில் குலுங்கும். அண்டாவும் குலுங்கியது. உள்ளங்கை அளவு ஏடு பிரிந்து, தாண்டவனின் உச்சந்தலையில் சொத்தென்று விழுந்தது.

தாண்டவன் "போச்சு" என்று சொல்லிவிட்டு மயங்கிச் சாய்ந்தான்.

எல்லோரும் வடிவாம்பாள் அம்மாளைப் பார்த்தார்கள். விழுந்தால் வந்த வழியே போகிறோம் என்று சொன்னவர் அவர்தான். அம்மாள் தாண்டவன் தலையைப் பார்த்தார். மகனைப் பார்த்தார். அவனைப் பார்த்துக்கொண்டிருந்த பெண்ணைப் பார்த்தார்.

"என்ன எல்லாரும் பாக்கறீங்க?" என்றார். "அது தூறல். தூறினா மேகம் இல்லேன்னு ஆயிடுமா?"

பூவாத்தா அண்டாவை நிமிர்த்திச் சுனையில் வைத்தாள். மாலை மாற்றினார்கள்.

பந்தி அமர்க்களமாக நடந்தது. சூடான பாயசத்தின் மேல் போட்டால் மேகம் உருகிவிடும் என்பது காராயிக்கு முன்பே தெரியும். அதனால் குளிர்ந்த பலாச்சுளையும் மலை வாழைப்பழத்துண்டுகளும் வைத்து, அதன்மேல் இலைக்கு ஒரு கரண்டி பரிமாறினாள். வடிவாம்பாள் அம்மாள் இரண்டாவது கரண்டியும் கேட்டு வாங்கினார். தும்பிக்கை நுனியில் வெள்ளை ஒட்டியிருக்க, "நான் கேட்டதாலதான் இதைச் செஞ்சாங்க" என்று பக்கத்து இலைக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். தாண்டவன் மயக்கம் தெளிந்ததும் தன் தலையில் இருந்ததை விரலால் வழித்துச் சாப்பிட்டான். சர்க்கரை சரியாக இருக்கிறது என்றான்.

அந்தக் கல்யாணத்துக்குப் போய்வந்தவர்கள் சும்மா இருப்பார்களா? அடுத்த கல்யாணத்துக்கு மேகம் வேண்டும் என்று மான் கூட்டம் வந்து கேட்டது. கவிழ்த்துக் காட்டவும் வேண்டும் என்றது. அதைப் பார்க்கத்தான் பாதிப் பேர் வருவார்களாம். காராயி சரி என்று சொல்லிவிட்டுத் தாண்டவனைத் தேடினாள். அவன் மரத்தின் உச்சிக் கிளையில் இருந்தான். இறங்க மாட்டேன் என்றான்.

"இந்தத் தடவை நான் யாருக்கும் எதுவும் சொல்லல. மான்களுக்கு மேகம் தர்றேன்னு சொன்னது நீதான்" என்றான்.

காராயி அசைபோட்டு யோசித்தாள். அவன் சொன்னதில் முதல் தடவையாக எதுவும் கூட்டப்பட்டிருக்கவில்லை. மான் வீட்டுக் கல்யாணத்தன்று அவளே சுனைக்குள் போய், அடித்து முடித்த பாத்திரத்துக்குக் கீழே தன் தலையைக் கொண்டுபோய் நிறுத்தினாள். "கவுத்துங்க" என்றாள்.

அன்று பிடித்த வழக்கம்தான் இது. இன்றைக்கும் வீட்டில் பாலேடு அடிப்பவர்கள், ஏட்டையும் கிண்ணத்தையும் மத்தையும் முதலில் நன்றாகக் குளிர வைக்கிறார்கள்; பக்கத்தில் நின்று "இன்னும் கொஞ்சம்" என்பவர்களின் பேச்சைக் காதில் போட்டுக்கொள்வதில்லை; நுனி எழுந்து நின்றதும் நிறுத்திவிட்டு, கிண்ணத்தைத் தங்கள் தலைக்கு மேலேயே கவிழ்த்துப் பார்க்கிறார்கள். விருந்துக்கு வருகிறவர்களிடம் வாக்குக் கொடுத்தது அவர்கள்தானே.